மெயினை அணைத்த பின்பும் பச்சை வயரில் டெஸ்டர் எரிகிறது: வயரின் நிறத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

கிணற்றடி வீடு, கொழிஞ்சாம்பாறை

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் குடியிருப்பது என் மாமனார் கட்டிய வீடு. ஓட்டு வீடாக இருந்த காலத்தில் முன்கூடத்துக்குச் சட்டம் அடித்து, கிளிப் போட்டு வயரிங் செய்தார்கள். பிறகு பின்கட்டில் இரண்டு அறைகளைச் சேர்த்தபோது சுவருக்குள் குழாய் பதித்து வயர் இழுத்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு இன்வெர்ட்டர் வைக்க மூன்றாவதாக ஒருவர் வந்து வேலை செய்தார். ஆக, மூன்று காலங்களில் மூன்று பேர் கைபட்ட வயரிங் இது.

பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரம் வைப்பதற்காக ஒரு பவர் பிளக் தேவைப்பட்டது. சென்ற ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த என் தம்பி, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அந்த அறையின் சுவிட்ச் பலகையைத் திறந்தான். உள்ளே ஒரு விரற்கடை கனத்துக்குப் புழுதி படிந்திருந்தது. சிவப்பு வயர் இரண்டும் வெளுத்து ரோஜா நிறமாகியிருந்தன. கறுப்பு ஒன்று, நீலம் ஒன்று. இவற்றுக்கிடையில் பச்சை மட்டும் நேற்று வாங்கியது போலப் பளபளத்தது. பச்சை என்றால் எர்த் (கசியும் மின்சாரத்தைத் தரைக்குக் கொண்டுபோகும் வயர்), அதை பிளக்கின் மேல் துளையில் முடுக்கிவிடலாம் என்று தம்பி சொன்னான். எதற்கும் ஒருமுறை டெஸ்டரை வைத்துப் பார் என்று நான் சொன்னேன். மெயின் அணைந்திருக்கும்போதே பச்சையில் டெஸ்டர் எரிந்தது.

அப்படியே மூடிவிட்டோம். எர்த் வயரில் மின்சாரம் எப்படி வரும்? மெயினை அணைத்த பிறகும் எப்படி வரும்? அந்த நீல வயர் என்ன? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அதே அறையில் எல்ஈடி விளக்கை அணைத்த பிறகும் இரவில் மின்மினி போல மங்கலாக ஒளிர்கிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

வேலந்தாவளம் வயர்மேன்

அம்மணி, பலகையை மூடி வைத்தது மிகவும் நல்ல காரியம். மின்வேலைக்கான பெர்மிட் பெற்ற ஒருவர் வந்து பார்க்கும் வரை அது மூடியே இருக்கட்டும். முப்பது ஆண்டுகளாக இந்தத் தமிழக-கேரள எல்லைப் பகுதியில், அந்தப் பக்கம் வீடு ஒன்று, இந்தப் பக்கம் வீடு ஒன்று என்று வேலை செய்து வருகிறேன். நீங்கள் சொல்லும் பச்சை வயரை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், என் கணிப்பு அது இன்வெர்ட்டரின் ஃபேஸ், அதாவது மின்சாரத்தைக் கொண்டுவரும் வயர் என்பதுதான்.

காரணம் சொல்கிறேன். இன்வெர்ட்டர் வைக்கும்போது, விளக்கும் மின்விசிறியும் மட்டும் அதில் ஓடும்படி தனியாக ஒரு ஃபேஸ் வயரை ஒவ்வொரு பலகைக்கும் இழுக்க வேண்டும். வேலைக்கு வந்தவர் பையில் எந்தச் சுருள் மிச்சம் இருந்ததோ அதையே இழுத்திருப்பார். மற்ற ஃபேஸிலிருந்து பிரித்துக் காட்டட்டும் என்று அவராகவே பச்சையைத் தேர்ந்தெடுத்திருக்கவும் கூடும். அவருக்கு அது அடையாளம், அடுத்து வருபவருக்கு அது பொறி. உங்கள் தம்பி மெயினை அணைத்ததும், இன்வெர்ட்டர் அதை மின்வெட்டு என்றே எடுத்துக்கொண்டு, பேட்டரியிலிருந்து 230 வோல்ட்டை அந்தப் பச்சை வயரில் அனுப்பத் தொடங்கியிருக்கும். அந்த வயரை பிளக்கின் எர்த் துளையில் முடுக்கியிருந்தால், துணி துவைக்கும் இயந்திரத்தின் தகரம் முழுவதும் ஃபேஸ் ஆகியிருக்கும். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று தொடுகிற இயந்திரம் அது. நீங்கள் சொன்ன அந்த ஒரு சொல்தான் தடுத்தது.

ஆகவே இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை மட்டும் அணைப்பது போதாது. இன்வெர்ட்டரின் முகப்பில் உள்ள பொத்தானை மட்டும் அணைப்பதும் போதாது, ஏனென்றால் வீட்டு இன்வெர்ட்டர்களில் அந்தப் பொத்தானை அணைத்தாலும் மெயினிலிருந்து வரும் மின்சாரம் அதன் வழியாகவே வெளியே போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் அணைத்து, இன்வெர்ட்டரின் பிளக்கையும் பிடுங்கி வைத்த பிறகு, ஒவ்வொரு வயரையும் சோதித்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கூரையில் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் அதன் இணைப்பைத் துண்டிக்கும் பிரிப்பான் சுவிட்சையும் அணைக்க வேண்டும். தகட்டில் வெயில் படுகிற வரையில் அதிலிருந்து இறங்கும் வயர்களில் மின்சாரம் நின்றுகொண்டேதான் இருக்கும்.

இனி நிறங்கள். நம் நாட்டு வீட்டு வயரிங்கில் ஃபேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்கு (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) கறுப்பு, எர்த்துக்குப் பச்சை அல்லது பச்சை மேல் மஞ்சள் கோடு. மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றுமே ஃபேஸ். கேரளத்தில் நடுத்தரமான வீடுகளுக்குக்கூட மூன்று ஃபேஸ் இணைப்பு இருப்பதால், ஓர் அறைக்குச் சிவப்பிலிருந்தும் அடுத்த அறைக்கு மஞ்சளிலிருந்தும் எடுத்திருப்பார்கள். உங்கள் பலகையில் உள்ள நீலம் அந்த மூன்றாவது ஃபேஸாக இருக்கலாம், சுவிட்சிலிருந்து விளக்குக்குப் போகும் வயராக இருக்கலாம், கறுப்பு தீர்ந்துபோனதால் நியூட்ரலுக்கு இழுத்த நீலமாகவும் இருக்கலாம். நிறத்தைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

விளக்கு மங்கலாக ஒளிர்வதற்கும் காரணங்கள் உண்டு. சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் அமைந்திருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டர் வரைக்கும் ஃபேஸ் நின்றுகொண்டிருக்கும். எல்ஈடி விளக்குக்கு மிகச் சிறிய கசிவே போதும், மங்கலாக எரியும். பழைய குண்டு விளக்கு இருந்த காலத்தில் இது கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது. அல்லது, ஒரே குழாயில் நீளமாக உடன் ஓடும் இன்னொரு ஃபேஸின் தூண்டலாலும், சுவிட்சுக்குள் இருக்கும் சிறிய சிவப்பு விளக்காலும் இப்படி ஆகும். முதல் காரணம் ஆபத்தானது, மற்றவை ஆபத்தற்றவை. எது என்று பார்க்காமல் அந்த விளக்கை மாற்றவோ ஹோல்டரைத் தொடவோ வேண்டாம்.

குமுளி மலைச்சாரல்

வயர்மேன் அண்ணா சொன்ன நீலத்தின் குழப்பத்தில் நான் ஒருமுறை சிக்கியிருக்கிறேன். வளைகுடாவில் பதினோரு ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது, அங்கு பயன்படுத்திய தண்ணீர் சூடாக்கும் கெண்டியையும் இஸ்திரிப் பெட்டியையும் கொண்டுவந்தேன். அங்குள்ள பிளக், பிரிட்டன் முறைப்படி மூன்று பட்டைக் கால்களும் உள்ளே ஒரு ஃபியூஸும் கொண்டது. நம் ஊர் பிளக்குக்கு உருண்டைக் கால்கள். எனவே பழையதை வெட்டிவிட்டு நம் ஊர் பிளக்கை மாட்ட உட்கார்ந்தேன். வெட்டிய கேபிளுக்குள் பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள் என மூன்று வயர்கள். சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. பழுப்பு கறுப்புக்கு நெருங்கிய நிறமாகத் தோன்றியதால் அதை நியூட்ரல் என்றும், நீலத்தை ஃபேஸ் என்றும் வைத்து முடுக்கினேன். உண்மை நேர்மாறானது: கருவிகளின் கேபிளில் பழுப்புதான் ஃபேஸ், நீலம்தான் நியூட்ரல்.

கெண்டி வேலை செய்தது, அதுதான் இதில் உள்ள தீங்கு. ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலும் தண்ணீர் கொதிக்கும், பெட்டி சூடாகும். ஆனால் கருவிக்குள் இருக்கும் ஒற்றைச் சுவிட்ச் நியூட்ரலை அறுக்குமே தவிர ஃபேஸை அறுக்காது. அணைத்த பெட்டிக்குள்ளும் கம்பிச் சுருளில் 230 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். எங்கள் பகுதி வயர்மேன் ஒருவர் வேறு வேலைக்கு வந்தபோது பார்த்து மாற்றிக் கொடுத்தார். பிளக் பெட்டியை நேருக்கு நேர் பார்க்கும்போது பெரிய எர்த் துளை மேலே, ஃபேஸ் வலப்புறம், நியூட்ரல் இடப்புறம் என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பிளக்கைத் திருப்பிக் கையில் வைத்து முடுக்கும்போது இடம் வலம் மாறிவிடும் என்பதால், பிளக்கின் உள்ளே பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்தே முடுக்க வேண்டும் என்றும் எச்சரித்தார்.

பிரிட்டனிலும் பழைய வீடுகளில் நம்மைப் போலவே சிவப்பு ஃபேஸாகவும் கறுப்பு நியூட்ரலாகவும் இருந்தன. 2004ஆம் ஆண்டில் வீட்டு வயரிங்கிலும் பழுப்பு, நீலம் முறையைக் கொண்டுவந்து, 2006ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் புதிய வேலைகளுக்கு அதையே கட்டாயமாக்கினார்கள். மூன்று ஃபேஸுக்கு அங்கே இப்போது பழுப்பு, கறுப்பு, சாம்பல். அதாவது நாம் நியூட்ரல் என்று நம்பும் கறுப்பு அங்கே ஒரு ஃபேஸ். வெளிநாட்டில் வேலை பழகி வருகிற நம் பிள்ளைகள் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

வாளையார் வழிப்போக்கன்

இதனோடு தொடர்புடைய ஒரு செய்தி. அமெரிக்காவில் இருக்கும் என் மகள், வீட்டில் சுவிட்ச் மாற்றுவது எப்படி என்ற காணொளியை எனக்கு அனுப்பியிருந்தாள். அதில் கறுப்பு வயர்தான் மின்சாரம் வரும் வயர், வெள்ளை நியூட்ரல், பச்சையோ உறையற்ற செப்புக் கம்பியோ எர்த். அங்கே 120 வோல்ட், இங்கே 230. அந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு நம் வீட்டுப் பலகையைத் திறப்பவர் நிலைமை என்னவாகும் என்று நினைத்தாலே நடுக்கமாக இருக்கிறது. நம் நாட்டு முறையைக் கற்றுத்தரும் காணொளிகளை மட்டும் பாருங்கள்.

நகரி தறிக்கூடம்

ஆந்திர எல்லையில் விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிறேன். மூன்று ஃபேஸ் மோட்டார்களோடு அன்றாடம் பழகுவதால் இரண்டு விஷயங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

மூன்று ஃபேஸ் மோட்டாரில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். மின்கம்பத்திலோ மீட்டர் பலகையிலோ வேலை நடந்த பிறகு மின்சாரம் திரும்ப வந்ததும், முதலில் ஒரே ஒரு மோட்டாரைத் தட்டிப் பார்த்து, சுற்றும் திசை சரியென்று கண்ட பிறகே மற்றவற்றை ஓட்டுகிறோம்.

இரண்டாவது, ஆழ்துளைக் கிணற்று மோட்டார். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இது வீட்டுக்கு வீடு இருக்கும் என்று நினைக்கிறேன். ஒற்றை ஃபேஸ் நீர்மூழ்கி மோட்டாரிலிருந்தும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று வயர் கொண்ட தட்டைக் கேபிள்தான் மேலே வரும். அதைப் பார்த்து மூன்று ஃபேஸ் என்று எண்ணிவிடக் கூடாது. அவை மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட் சுற்று, ஓட்டும் ரன் சுற்று, இரண்டுக்கும் பொதுவான முனை ஆகியவற்றின் வயர்கள். எது எந்த நிறம் என்பதை மோட்டாரின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் ஈரம் ஏறி அது அழிந்துவிடும்.

களியக்காவிளை ஆசிரியர்

பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்துகிறேன். எர்த் வயரில் பச்சை மேல் மஞ்சள் கோடு ஏன் வந்தது என்பதை மாணவர்களுக்குத் தவறாமல் சொல்வேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வைக் குறை ஆண்களிடையே அரிதானதன்று. அப்படிப்பட்டவருக்குச் சிவப்பு ஃபேஸும் பச்சை எர்த்தும் ஒரே மங்கிய நிறமாகத் தெரியக்கூடும். கோடு போட்ட வயரை எந்தக் கண்ணும் தவறவிடாது. 15 மில்லிமீட்டர் நீளத்துக்கு எங்கே எடுத்துப் பார்த்தாலும் இரண்டு நிறங்களில் ஒவ்வொன்றும் 30 சதவீதத்துக்குக் குறையாமலும் 70 சதவீதத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்று பன்னாட்டுத் தரவிதி கூறுகிறது. சிறு துண்டு மட்டும் வெளியே தெரிந்தாலும் இரு நிறமும் புலப்பட வேண்டும் என்பதே நோக்கம். எனவே புதிதாக இழுப்பவர்கள் வெறும் பச்சைக்குப் பதிலாகக் கோடு போட்டதையே கேட்டு வாங்குங்கள்.

இனி டெஸ்டரைப் பற்றி. திருப்புளி போன்ற அந்த டெஸ்டருக்குள் ஒரு நியான் விளக்கும் மிக உயர்ந்த மின்தடையும் உள்ளன. நம் உடல் வழியாக ஓடும் மிகச் சிறிய மின்னோட்டத்தால் அது எரிகிறது. எரிந்தால் அந்த வயரில் மின்னழுத்தம் இருக்கிறது என்று தெரியும், அவ்வளவே. எரியவில்லை என்பதால் வயர் செத்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. பாலக்காட்டு நண்பகல் வெயிலில் அந்தச் சிறு ஒளி கண்ணுக்கே தெரியாது, டெஸ்டரே பழுதாகவும் இருக்கலாம். அதனால் மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் முதலில் தொட்டு எரிகிறதா என்று பார்த்து, பிறகு சோதிக்க வேண்டிய வயரைத் தொட்டு, மறுபடியும் பழைய இடத்தைத் தொட்டு உறுதி செய்ய வேண்டும். மூன்றாவது தொடுகையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று: நியூட்ரல் எங்கேயாவது அறுந்திருந்தால், மின்விசிறியோ விளக்கோ போட்ட நிலையில் இருக்கும்போது, பிளக்கின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரியும். ஃபேஸ் அந்தக் கருவியின் வழியாக நியூட்ரல் வயருக்குள் திரும்பி நிற்பதே காரணம். கறுப்பு வயர் ஷாக் அடிக்காது என்ற நம்பிக்கையால் கை வைத்தவர்கள் உண்டு. மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறத்தாழ அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஒன்றிரண்டு வோல்ட் என்று காட்டினால் மூன்றும் தத்தம் இடத்தில் உள்ளன என்று கொள்ளலாம்.

குமுளி மலைச்சாரல்

ஐயா, ஒரு சந்தேகம். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வந்துவிட்டால் எர்த் நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்? அத்துடன், கிணற்றடி வீட்டு அக்கா அந்தப் பச்சை வயரின் இரண்டு முனைகளிலும் சிவப்பு டேப் சுற்றிவிட்டால் வேலை முடிந்துவிடாதா? சுவரை உடைக்க வேண்டியதில்லையே.

களியக்காவிளை ஆசிரியர்

தம்பி, மீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வதால், துருப்பிடித்து நூலிழையில் தொடும் எர்த் இணைப்பிலும் 230 என்றே காட்டும். பழுது ஏற்படும்போது பல ஆம்பியர் ஓடிப்போக அந்த இழை இடம் தராது. எர்த் குழியின் மின்தடையை அதற்குரிய கருவியால்தான் அளக்க வேண்டும். ஆர்சிசிபி என்ற பாதுகாப்புச் சுவிட்ச் கட்டாயம் வேண்டும் என்பதும் இதனால்தான். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

வேலந்தாவளம் வயர்மேன்

டேப் பற்றிய கேள்விக்கு நான் சொல்கிறேன். நீலத்தையோ மஞ்சளையோ வேறு பணிக்குப் பயன்படுத்த நேர்ந்தால், இரண்டு முனைகளிலும் உரிய நிறத்தில் டேப்போ உறையோ போட்டுச் சமாளிப்பதுண்டு. பச்சைக்கு மட்டும் அது கூடாது. நடுவழியில் ஒரு ஜங்ஷன் பெட்டியைத் திறப்பவருக்கு முனையில் சுற்றிய டேப் தெரியாது, பச்சை மட்டும்தான் தெரியும். பாலக்காட்டுக் கோடையில் டேப்பின் பசையும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இளகி உரிந்துவிடுகிறது. பச்சையை ஃபேஸாக ஓட்டியிருந்தால் அந்த வயரை உருவியெடுத்துவிட்டு வேறு இழுப்பதே முறை. குழாயில் வயர் இழுத்திருந்தால் சுவரை உடைக்கவும் வேண்டியதில்லை. பழைய வயரின் வாலில் புதியதைக் கட்டி இழுத்தால் வந்துவிடும்.

அம்மணி, புதன்கிழமை அந்தப் பக்கம்தான் வருகிறேன். சம்மதம் என்றால் வந்து பார்த்துத் தருகிறேன்.

கிணற்றடி வீடு, கொழிஞ்சாம்பாறை

அண்ணா வந்து பார்த்துச் சென்றார். காத்திருந்தவர்களுக்காக முழுவதையும் எழுதுகிறேன்.

மெயினை அணைத்து, இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் தொடங்கினார். கொண்டுவந்திருந்த டெஸ்டரை மெயினை அணைக்கும் முன் பூஜையறைப் பிளக்கில் வைத்துக் காட்டினார், எரிந்தது. பிறகு பலகையில் ஒவ்வொரு வயராகத் தொட்டார், எதிலும் எரியவில்லை. அதன் பிறகு முற்றத்துக்குப் போய், பக்கத்து வீட்டிலிருந்து நீட்டியிருந்த நீள வயர் பிளக்கில் மறுபடி வைத்து எரிவதைப் பார்த்துவிட்டு வந்துதான் திருப்புளியை எடுத்தார். ஆசிரியர் ஐயா சொன்ன மூன்றாவது தொடுகையை நேரில் பார்த்தேன்.

பச்சை வயர் இன்வெர்ட்டரின் ஃபேஸேதான். கூடத்திலும் இரண்டு அறைகளிலும் அதே பச்சையைத்தான் இழுத்திருந்தார்கள். நீலம், விளக்குச் சுவிட்சிலிருந்து மேலே போகும் வயர். அந்தச் சுவிட்ச் நியூட்ரலில் இருந்தது, விளக்கு மங்கலாக ஒளிர்ந்ததற்குக் காரணம் அதுவே. மாற்றி அமைத்தார், இப்போது அணைத்தால் அறை இருட்டாகிவிடுகிறது. அந்த அறைக்கு எர்த் வயர் வரவேயில்லை என்பதுதான் எங்களுக்குப் பேரதிர்ச்சி. இத்தனை ஆண்டுகள் அங்கே இஸ்திரி போட்டிருக்கிறோம். பிளக்கின் மேல் துளைக்குப் பின்னால் திருகு மட்டும் இருந்தது, வயர் இல்லை.

பச்சையை உருவியபோது அதன் வாலிலேயே இரண்டு வயர்களைக் கட்டி இழுத்துவிட்டார்: இன்வெர்ட்டர் ஃபேஸுக்கு மஞ்சள், எர்த்துக்குக் கோடு போட்ட பச்சை. எங்களுடையது ஒற்றை ஃபேஸ் வீடு என்பதால் மஞ்சள் வேறு எதனோடும் குழம்பாது என்றார். துணி துவைக்கும் இயந்திரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் தனி எம்சிபியோடு (மின்னோட்டம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்ச்) இணைப்பு கொடுத்தார். எர்த் குழியைக் கருவியால் அளந்துவிட்டு, கிணற்றடி ஈரமாக இருப்பதால் இப்போதைக்குப் போதும் என்றும், கோடையில் மறுபடி அளக்க வேண்டும் என்றும் சொன்னார்.

முன்கூடத்துச் சட்ட வயரிங்கைத் தொட மறுத்துவிட்டார். உறை விரலால் அழுத்தினாலே பொடியாகிறது. பருவமழைக்கு முன் முழுவதும் மாற்ற வேண்டும் என்று 90 மீட்டர் சுருள்களின் கணக்கை எழுதிக் கொடுத்திருக்கிறார். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், கோடு போட்ட பச்சை ஒவ்வொன்றும் எத்தனை என்பது அதில் தனித்தனியாக இருக்கிறது. மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்து அனுப்பும் டிபி பெட்டியின் மூடிக்குள் ஒரு தாளை ஒட்டி, "மஞ்சள்: இன்வெர்ட்டர் ஃபேஸ். மெயினை அணைத்தாலும் மின்சாரம் இருக்கும்" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, தேதியும் போட்டுவிட்டுப் போனார். தம்பி அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டான்.